ஒரு விரல் கனம்

டன்ஸ்டன் வீட்டு கேட்டை ஒரு கையால் தூக்கித்தான் திறக்க வேண்டும். கீல் இற்றுப்போய் வருஷக்கணக்காகிறது. வியாழக்கிழமை மத்தியான வெயிலில் அதைத் தூக்கித் திறந்து, பின்பக்கம் சாமான் ஏற்றுகிற என் யூட் வண்டியை உள்ளே விட்டபோது மனசில் எந்தச் சஞ்சலமும் இல்லை. ஐந்து நிமிஷ வேலை. முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்றுதான் இருந்தேன்.

என் பெயர் வெர்ன் பாஸ்கோ. டல்லாரூக் துப்பாக்கி கிளப்பில் நாற்பது வருஷமாக ஆயுதம் சரிபார்க்கிறவன். ஒவ்வொரு ஏப்ரலிலும், போரில் செத்தவர்களை நினைக்கிற அன்சாக் நாளை ஒட்டி, பழைய ராணுவ ரைஃபிள்களுக்கென்றே ஒரு போட்டி வைப்போம். நான் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் எந்தப் பழைய துப்பாக்கியும் சுடும் மேட்டில் ஏற முடியாது. "வெர்ன் பாத்துட்டானா? அப்போ சரி" என்பார்கள். இந்த ஊரில் எனக்கு இருந்த மரியாதை முழுக்க அந்தச் சீட்டில்தான் இருந்தது.

வாசலில் ரொவீனா நின்றுகொண்டிருந்தாள். லெஸ் டன்ஸ்டனின் ஒரே மகள். சின்ன வயசில் கிளப்பில் என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய வாண்டு, இப்போது மெல்போர்னில் நர்ஸ். அவள் அம்மா ஹேசல் பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தாள். வீட்டைக் காலி செய்ய மகள் வந்திருந்தாள்.

"வாங்க வெர்ன் அங்கிள். இன்னும் அதே யூட்டா? மியூசியத்துல கேக்கலையா?"

"கேட்டாங்க. என்னையும் சேத்து கேட்டாங்க, அதான் குடுக்கல. டீ இருக்கா?"

"டீயும் இருக்கு, அன்சாக் பிஸ்கட்டும் இருக்கு. பல்லு இருக்கா?"

லெஸ்ஸின் வாய் அப்படியே அவளுக்கு. சிரித்துக்கொண்டே உள்ளே போனேன்.

வெயிலுக்காக எல்லாத் திரைகளையும் இறக்கிவிட்டிருந்தாள். வெளியே கண் கூசும் வெளிச்சம். உள்ளே கண் பழகவே நேரம் பிடித்தது. பூட்டிக்கிடந்த வீட்டு வாடை, பழைய கம்பளி, அந்துருண்டை. அவற்றுக்கு அடியில், மெல்லிசாக, மண்ணெண்ணெய்.

"மண்ணெண்ணெய் ஏதாவது கொட்டிடுச்சா, ரோ?"

"இந்த வீட்டுல மண்ணெண்ணெயே கிடையாதே. ஏன்?"

ஒன்றுமில்லை என்றேன்.

சமையலறை மேஜையில், ராணுவக் கம்பளியின் மேல் லெஸ்ஸின் பழைய ராணுவ ரைஃபிள், த்ரீ-நாட்-த்ரீ, கிடந்தது. சுவரில் ஆணியில் அவனுடைய சாம்பல் நிறத் தொப்பி. அவன் செத்த இருபத்திரண்டு வருஷமாக ஹேசல் அதை அங்கிருந்து எடுக்கவில்லை போலிருக்கிறது.

"ரைஃபிள் அலமாரில கோட்டுக்கு நடுவுல இருந்துச்சு," என்றாள் ரொவீனா. "போல்ட்டத்தான் காணோம். மூணு நாள் தேடினேன். கடைசில பாத்தா அம்மாவோட மாவு டப்பாவுக்குள்ள."

எங்கள் ஊர்ப் பழக்கம் அது. துப்பாக்கி ஓரிடம், அதன் போல்ட் வேறிடம். வீட்டுக்கு வீடு போல்ட்டுக்கு ஒரு பொந்து இருக்கும். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

"சனிக்கிழமை நான் சுடப்போறேன் அங்கிள். பேர் குடுத்துட்டேன். பத்தே தோட்டா, எல்லாம் கடைல வாங்கின புதுசு."

"எதுக்கும்மா இப்போ?"

"அப்பா ஆறு தடவ ஜெயிச்ச போட்டி. அத யாராவது சொல்றாங்களா? லெஸ் டன்ஸ்டன்னு சொன்னாலே அந்த ஒரு நாள்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருது. அவரு துப்பாக்கி ஒழுங்காதான் சுடும்னு ஒரு தடவ எல்லாரும் பாக்கட்டும்."

அந்த ஒரு நாளை ஊர் இப்படித்தான் சொல்லும். லெஸ் ஒரு கஞ்சன். சுட்ட பித்தளைக் கூட்டைத் தரையில் விழவிட மாட்டான். வலது பக்கம் தொப்பியை மல்லாக்க வைத்து அதில்தான் பிடிப்பான். அதே கூட்டில் திரும்பத் திரும்ப மருந்தை அடைத்து வருஷக்கணக்கில் சுடுவான். ஒரு சனிக்கிழமை முதல் தோட்டாவிலேயே கூடு பிய்ந்தது. பித்தளைச் சில்லு வலது கண் வழியாக உள்ளே போனது. ஆம்புலன்ஸ் பாதி தூரம் போவதற்குள் உயிர் போய்விட்டது. ஹேசல் அவன் தோட்டா அடைக்கும் மேஜையைக் கோடாலியால் வெட்டிப் பின்கட்டில் போட்டுக் கொளுத்தினாள். "கஞ்சத்தனத்துக்கு உயிரக் குடுத்தான்" என்று சாகிறவரைக்கும் சொன்னாள்.

ஊர் அதை நம்பியது, போலீஸும் நம்பியது. நம்பவைத்தவன் நான்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எதற்குப் பயந்தேன் என்று விளங்காது. போல்ட் என்பது துப்பாக்கியின் பின்வாயை அடைக்கும் இரும்புத் தண்டு. முன்னே தள்ளி, கைப்பிடியைக் கீழே இறக்கினால் தோட்டா உள்ளே அடைபடும். தோட்டாவின் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே மயிரிழை இடம் இருக்கலாம். அதை ஹெட்ஸ்பேஸ் என்போம். அது கூடிப்போனால், சுடும்போது பித்தளைக் கூடு பின்னால் இழுபட்டு அடியோடு பிய்ந்துவிடும். உள்ளே எரிகிற நெருப்பு சுடுகிறவன் முகத்துக்கு வரும்.

அளக்க என்னிடம் இரண்டு கேஜ் உண்டு. விரல் நுனியளவு எஃகு வில்லைகள். மெல்லியதை வைத்தால் போல்ட் மூட வேண்டும். தடித்ததை வைத்தால் மூடக் கூடாது, கைப்பிடி பாதியில் நின்றுவிட வேண்டும். இதில் பலம் காட்டக் கூடாது. கைப்பிடியின் மேல் ஒரே ஒரு விரலை வைத்து, அந்த விரலின் கனத்தை மட்டும் கொடுக்க வேண்டும்.

முதலில் எண்களைப் பார்த்தேன். துப்பாக்கியில் 61874, போல்ட்டின் கைப்பிடி வேரில் 61874. மெல்லிய கேஜில் மூடியது. தடித்த கேஜில் பாதியில் நின்றது. அருமையான துப்பாக்கி.

"பாஸ்," என்றேன்.

ரொவீனா குழந்தை மாதிரிக் கை தட்டினாள். "சீட்டு எழுதுங்க அங்கிள். கொடியில துணி காஞ்சிருக்கும், எடுத்துட்டு வந்துடறேன்."

பின்கதவு வலைச்சட்டம் அடித்துச் சாத்திக்கொண்டது. கேஜை எடுக்காமல், கைப்பிடி பாதியில் நிற்க, துப்பாக்கியை அப்படியே விட்டுவிட்டுச் சீட்டை எழுதக் குனிந்தேன். மண்ணெண்ணெய் வாடை இப்போது தொண்டையில் கரித்தது.

க்ளக்.

தலையைத் தூக்கினேன்.

கைப்பிடி கீழே இறங்கியிருந்தது.

தடித்த கேஜ் உள்ளேதான் இருந்தது. அதன் மேல் போல்ட் முழுசாக மூடியிருந்தது. மூடவே முடியாத ஒன்று, சத்தத்தோடு, பதவிசாக மூடிக் கிடந்தது. அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

போல்ட்டை உருவினேன். கை நனைந்தது. அதிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடியின் வேரைத் துடைத்து எண்ணைப் பார்த்தேன்.

20953.

என் எண். என் வீட்டு இரும்புப் பெட்டியில், என் கழுத்தில் தொங்கும் சாவியால் மட்டுமே திறக்கும் பெட்டியில் இருக்கிற என் ரைஃபிளின் போல்ட் அது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், போட்டிக்கு முந்தின நாள், கிளப் மேஜையில் ஒன்பது துப்பாக்கிகள். ஒவ்வொன்றையும் அளந்தேன், எல்லாம் சரி. பிறகு பழைய கிரீஸ் போகட்டும் என்று ஒன்பது போல்ட்டையும் ஒரே தட்டில் மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவி, துடைத்து, மாட்டினேன். கழுவுவதற்கு முன்னால் அளந்தேனே தவிர, மாட்டிய பிறகு அளக்கவில்லை. எண்களையும் பார்க்கவில்லை. லெஸ்ஸின் போல்ட் என் துப்பாக்கிக்கும், தேய்ந்துபோன என் போல்ட் அவன் துப்பாக்கிக்கும் போய்விட்டன. என் துப்பாக்கியில் அது பழகின செருப்பு மாதிரிப் பொருந்தும். அவனுடையதில் இடைவெளி விழுந்தது.

லெஸ் விழுந்ததும் முதலில் ஓடியது நான். போல்ட்டைத் திறந்தேன், என் எண்ணைப் பார்த்தேன். "துப்பாக்கிய நான் பத்திரப்படுத்துறேன்" என்று தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய், பக்கத்து ஊரிலிருந்து போலீஸ் வந்து சேருவதற்குள் இரண்டு போல்ட்டையும் அதனதன் இடத்தில் மாட்டினேன். எல்லா எண்ணும் சரியாக இருந்தன. அப்புறம் பழி சுமக்க அவன் தோட்டாவைத் தவிர வேறு என்ன இருந்தது?

ஹேசலின் சமையலறையில் இதெல்லாம் ஒரு மூச்சில் மனசில் ஓடியது. கண் மயங்கியிருக்கும், வயசாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்த போல்ட்டையே திரும்ப மாட்டினேன். தடித்த கேஜை வைத்தேன். கைப்பிடியின் மேல் விரலை வைத்தேன்.

என் விரலின் மேல் இன்னொரு விரல் வந்து படிந்தது.

அமுக்கவில்லை. பலம் காட்டவில்லை. ஒரு விரலின் கனம், அவ்வளவுதான். ஈரமாக, சில்லென்று, மண்ணெண்ணெய் வழுக்கலோடு இருந்தது. இரண்டு விரலும் சேர்ந்து கைப்பிடியைக் கீழே இறக்கின.

க்ளக்.

"ஆச்சா அங்கிள்?"

ரொவீனா துணிக்கூடையோடு நின்றாள். நான் கையை இழுத்துக்கொண்ட வேகத்தில் டீக் கோப்பை கவிழ்ந்தது. அவள் துணியால் ஒற்றிக்கொண்டே போல்ட்டைத் தொட்டாள், நின்றாள்.

"இதுல அம்பத்து மூணுல முடியுது. துப்பாக்கில எழுபத்து நாலு. காலைல நான் தொடைக்கும்போது ரெண்டும் ஒண்ணா இருந்துச்சே?"

"கண்ணாடி போடாம பாத்திருப்ப."

"நான் எங்க கண்ணாடி போடறேன்?" அவள் முகம் மெல்ல மாறியது. நர்ஸ் பெண், மட்டி இல்லை. "இது வேற யாரோட போல்ட்டோ. அப்போ... அன்னிக்கும் இதுதான் இருந்துச்சா? அப்போ அப்பா தோட்டா மேல தப்பே இல்லையா?"

அவள் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். கதவு திறந்தே இருந்தது, நான்தான் உள்ளே போகவில்லை.

"அதெல்லாம் இல்லம்மா," என்றேன். "அது என் போல்ட். விபத்துக்கு அப்புறம் உங்க அம்மாகிட்ட திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கழுவினேன். அப்போ மாறியிருக்கும். உங்கப்பாவோடது என் வீட்டுலதான் இருக்கும், கொண்டு வர்றேன்."

வெளிச்சம் அணைந்துவிட்டது. "ஓ," என்றாள். "அப்போ காலைல நான்தான் சரியா பாக்கல போல. சரி அங்கிள்." என் மேல் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். என் ரைஃபிளில் 61874 மாட்டியிருந்தது. கீழே பெட்டித் தரையில் மண்ணெண்ணெய் குளம் கட்டியிருந்தது. பூட்டு உடைபடவில்லை, சாவி என் கழுத்திலேயே இருந்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு நான் செய்தது, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்ததேதான். லெஸ்ஸின் போல்ட்டைத் துடைத்து எடுத்துப் போனேன். ரொவீனா பார்த்துக்கொண்டிருக்க மாட்டினேன், அளந்தேன். தடித்த கேஜில் பாதியில் நின்றது. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் நின்றது. கையெழுத்துப் போட்டேன். திரும்பும் வழியில், என் போல்ட்டை, ஆடுகள் தண்ணீர் குடிக்கிற குட்டையின் நடுவில் வீசினேன். அது மூழ்கி, குமிழி அடங்குகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

சனிக்கிழமை காலை நல்ல வெயில், காற்றே இல்லை. தகரக் கொட்டகையடியில் சாஸேஜ் வெந்துகொண்டிருந்தது. யூகலிப்டஸ் மரத்தில் கலா கிளிகள் காட்டுக் கத்தல் கத்தின. கிளப் கேப்டன் நெவில் குவிர்க் வழக்கம்போல் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தான்.

ரொவீனா மேட்டில் குப்புறப் படுத்தாள். வலது பக்கம் அப்பாவின் தொப்பியை மல்லாக்க வைத்தாள். பின்னாலிருந்த கிழங்கள் இரண்டு பேர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

"பாரு, கஞ்சத்தனம் ரத்தத்துலயே வருது."

"தோட்டா யாரு அடைச்சதாம்?"

"கடைல வாங்கினதுதான். உயிர் மேல ஆசை இருக்கும்ல."

அவள் காதில் விழுந்தது. கழுத்து சிவந்தது. திரும்பவில்லை.

"லோட்!" என்றான் நெவில்.

பத்துப் பேர் தோட்டாவைத் தள்ளினார்கள். பத்து போல்ட்டுகள் மூடின. நாற்பது வருஷம் கேட்ட சத்தம் எனக்கு. அதில் ஒன்று மட்டும் பதவிசாக மூடியது.

மண்ணெண்ணெய் வாடை வந்தது. இந்தத் தடவை குட்டைச் சேற்று நாற்றமும் சேர்ந்து வந்தது.

ரொவீனாவின் துப்பாக்கிக் கைப்பிடியிலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. கைப்பிடியின் வேரில் பச்சையாகப் பாசி ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் வலது கண்ணை அந்த போல்ட்டுக்கு நேர் பின்னால் வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து! ரோ, விரல எடு!"

அறுபத்தைந்து வயசில் நான் அப்படி ஓடுவேன் என்று யாராவது சொன்னால் சிரித்திருப்பேன். மேட்டில் விழுந்து, அவள் கையைத் தட்டிவிட்டு, போல்ட்டைப் பின்னால் இழுத்தேன். சுடாத தோட்டா வெளியே துள்ளி, தொப்பிக்குள் விழுந்தது.

போல்ட்டின் எண் 20953.

நெவில் கத்திக்கொண்டு வந்தான். "யோவ் வெர்ன், பைத்தியமா உனக்கு? நீதானே சீட்டு குடுத்த?"

"நான்தான் குடுத்தேன்," என்றேன். மூச்சு வாங்கியது. மேட்டில் முழங்கால் போட்டபடியே ரொவீனாவைப் பார்த்துச் சொன்னேன். "இந்த போல்ட் என்னுது. உங்கப்பா செத்த அன்னிக்கு அவன் துப்பாக்கில இருந்ததும் இதுதான். கழுவும்போது நான்தான் மாத்தி மாட்டினேன். போலீஸ் வர்றதுக்குள்ள நான்தான் திருப்பி மாட்டினேன். லெஸ் அடைச்ச தோட்டால ஒரு குறையும் இல்ல. எந்தக் குறையும் இல்ல."

முழங்கையால் இடித்துக்கொண்ட கிழங்கள் தரையைப் பார்த்தார்கள்.

ரொவீனா எழுந்து உட்கார்ந்தாள். தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா அந்த மேஜைய வெட்டினப்போ நீங்க பக்கத்துல நின்னீங்க," என்றாள். "எனக்கு பன்னண்டு வயசு. ஜன்னல்லேந்து பாத்தேன். கட்டைய ஒவ்வொண்ணா தூக்கி நெருப்புல போட்டது நீங்க."

"ஆமாம்மா."

"அம்மாகிட்ட இப்போ யாரு போயி சொல்றது?"

போல்ட்டை நெவிலிடம் நீட்டினேன்.

லெஸ்ஸின் போல்ட் அன்று சாயங்காலம் கிடைத்தது. மாவு டப்பாவுக்குள், மாவு படிந்து, மாதக்கணக்கில் யாரும் தொடாத மாதிரி இருந்ததாம். ரொவீனா அதை எடுக்கவில்லை. மூடி வைத்துவிட்டாள். என்னை கிளப்பிலிருந்து நீக்கினார்கள், அது நியாயம். என் ரைஃபிளையும் அந்த போல்ட்டையும் போலீஸ் எடுத்துக்கொண்டது, அதுவும் நியாயம். ஊர் இப்போது லெஸ்ஸைப் பற்றி, அவன் ஜெயித்த ஆறு கோப்பைகளையும் சேர்த்துப் பேசுகிறது.

லெஸ் செத்ததைப் பற்றிய பழைய ஃபைலைப் போலீஸ் திரும்பத் திறக்கப் போகிறது. நடந்ததை நடந்தபடி என் கையால் எழுதித் தரும்படி ரொவீனா கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, மறுநாள் வாசலிலேயே நின்று திருப்பிக் கொடுத்தாள். அங்கிள் என்று இப்போது அவள் கூப்பிடுவதில்லை.

"ஏதோ ஒண்ணு விட்டிருக்கீங்க," என்றாள். "எங்கப்பா பதினஞ்சு வயசுலேந்து துப்பாக்கி புடிச்சவரு. போல்ட் லேசா மூடறது உங்களுக்கு சத்தத்துலயே தெரியுது. அவருக்கு கையில தெரியாமயா இருந்திருக்கும்?"

அதனால்தான் இரண்டாவது முறையாக உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியானம் மூன்று மணி. வெளியே கண் கூசும் வெயில். ஜன்னலை ஒட்டி என் யூட் நிற்கிறது. முதல் வரியில் பேனாவை வைத்தபோதே, என் ஆள்காட்டி விரலின் மேல் அது வந்து படிந்துவிட்டது. ஈரமாக, சில்லென்று. அமுக்கவில்லை. பக்கங்கள் பூரா என்னோடு கூடவே வந்திருக்கிறது, காகிதத்தில் மண்ணெண்ணெய்க் கறை விழுந்திருப்பதை நீங்களே பார்க்கலாம். எங்கேயாவது பூசி மெழுகப் பார்த்தால், பேனா நகர மறுக்கிறது.

சரி, எழுதிவிடுகிறேன்.

லெஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது. மேட்டில் ஏறுவதற்கு முன்னால், துப்பாக்கியைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான். "வெர்ன், இன்னிக்கு போல்ட் ரொம்ப லேசா மூடுதுடா. ஒரு தடவ அளந்து பாரேன்" என்றான். கேஜ் பெட்டி என் யூட்டில் இருந்தது. முப்பது அடி தூரம். என் கையில் சாஸேஜ் சுற்றிய ரொட்டி இருந்தது, சாஸ் வழிந்துகொண்டிருந்தது. சுற்றி நாலு பேர் இருந்தார்கள். "நேத்துதானடா அளந்தேன்? கஞ்சப்பயலே, ஒரு சீட்டுக்கு ரெண்டு தடவ அளக்கணுமா உனக்கு? போய் சுடு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று போய்ப் படுத்தான்.

முப்பது அடி. நான் போகவில்லை.

எழுதிவிட்டேன், லெஸ்.

விரல் மேலிருந்த கனம் எடுபட்டுவிட்டது.

மேஜையிலிருந்து காலடிச் சத்தம் கிளம்பி, வாசல் பக்கம் போகிறது. யூட் ஜன்னலுக்கு வெளியே, பத்தே அடியில்தான் நிற்கிறது. ஆனால் காலடிகளை எண்ணிக்கொண்டே இருந்தேன், அன்று நான் போகாத அந்த முப்பதில் சரியாக நின்றன. வண்டியின் பின்னால் கேஜ் பெட்டியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். யாரும் இல்லை, மூடி மட்டும் திறந்து கிடக்கிறது.

இப்போது காலடிகள் திரும்பி வருகின்றன. இருபத்தொன்பது எண்ணிவிட்டேன்.